காணாமல் போன நாற்பது வாட்

அலாரம் அலறியது.

மெஷினைச் சோதிக்க வந்திருந்த ஸ்ரீவிஷ்ணு முகம் சுளிக்கக்கூட இல்லை. அது அலறத்தான் வேண்டும். மேஜை மேல் இருந்தது காட்டரி மெஷின். ஆபரேஷன் தியேட்டரில் மின்சாரத்தால் சதையை வெட்டுவதற்கும், ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பதற்குமான கருவி. நோயாளியின் தொடையிலோ முதுகிலோ ஒரு பிளேட்டை ஒட்டி, அதன் வயரை மெஷினில் செருக வேண்டும். கத்தி முனை வழியாக உடம்புக்குள் போன மின்சாரம் அந்த பிளேட் வழியாகத்தான் பத்திரமாகத் திரும்பி வரும். பிளேட் இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும், அலாரம் அடிக்கும், மெஷின் வேலை செய்யாது. இப்போது பிளேட் வயர் செருகும் துளை காலியாக இருந்தது. ஆகவே அலறல். எல்லாம் ஒழுங்கு.

மூலையில் கிடந்த இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாய்ந்துகொண்டான்.

அலாரம் நின்றது. சிவப்பு அணைந்து, பச்சை எரிந்தது.

பச்சை என்றால் ஆள் படுத்தாயிற்று, பிளேட் நன்றாக ஒட்டியிருக்கிறது, வெட்டலாம் என்று பொருள். ஸ்ரீவிஷ்ணு காலித் துளையைப் பார்த்தான். சுண்டுவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். தூசு. வேறொன்றும் இல்லை. துளைக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன விளக்குப் பட்டை, ஒட்டல் எவ்வளவு பலம் என்று காட்டுவது, பாதி உயரத்தில் நின்றது.

"ஜம்பர் போட்டிருக்கானுங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிற இந்த மாதிரி ஷெட்டுகளை அவனுக்கு நன்றாகத் தெரியும். அலாரம் தொந்தரவு செய்கிறதா? உள்ளே ஒரு வயர்த் துண்டை வைத்து இரண்டு முனைகளை இணைத்துவிடுவார்கள். மெஷின் ஏமாந்து பச்சை காட்டும். தீயணைப்பு மணி சத்தம் போடுகிறது என்று மணியின் நாக்கை அறுக்கிற புத்தி. இதுகளிடம் போய் ஆஸ்பத்திரிக்காரர்கள் மெஷினைக் கொடுக்கிறார்கள்.

ஷெட்டின் முதலாளி பென்னியைக் கூப்பிட்டான். பென்னி ஒரு காலத்தில் ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டியவன். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு வெல்டிங். இப்போது வாசலில் 'பயோமெடிக்கல்' என்று போர்டு. அந்த போர்டைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்ரீவிஷ்ணுவுக்கு உதடு கோணும். பென்னி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஜம்பர் எதுவும் போடவில்லை என்றான். மெஷினை யாரும் திறக்கவே இல்லை, கம்பெனி சீல் அப்படியே இருக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது என்றான். ஸ்ரீவிஷ்ணு மெஷினைத் திருப்பிப் பார்த்தான். சீல் உடையவில்லை.

ஒழுங்கான சோதனைக்காரன் அந்த இடத்திலேயே மெஷினை நிராகரித்திருப்பான். பிளேட் இல்லாமல் பச்சை காட்டுகிற மெஷினுக்கு அதற்கு மேல் சோதனை எதற்கு? ஆனால் இந்தத் தொழிலில் ஊறியவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் அவனும் செய்தான். அலாரம் அடிக்கவில்லையா, நிம்மதி, வேலை சீக்கிரம் முடியும்.

மற்ற நாட்களில் அவன் அலாரத்தை அடக்கும் வழியே வேறு. பிளேட்டுக்குப் பதிலாக வைப்பதற்கென்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறது. அவன் வாங்கியதில்லை. எந்த ஷெட்டுக்குப் போனாலும் அங்கே கூட்டுகிற பெண்ணையோ மூட்டை தூக்குகிறவனையோ கூப்பிட்டு, பிளேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்வான். மனிதர்கள் சும்மா கிடைக்கும்போது பெட்டி எதற்கு?

இங்கே அந்த வேலைக்கு அஞ்சம்மாள். வயர்களை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறவள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"கை வைக்க வேண்டாம் போ. உன் புண்ணியத்துல தானாவே பச்சை எரியுது," என்றான் ஸ்ரீவிஷ்ணு.

"நேத்து வச்சேன் சார். பென்னி டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தாரு." அவள் இடது முழங்கைக்குக் கீழே தேய்த்துக்கொண்டாள். "அப்பால இருந்து இது என் கையா வேற யார் கையான்னே தெரியல. கிள்ளினாலும் ஒண்ணியும் இல்ல."

"வேலை செய்யாம இருக்க நல்ல காரணம்."

பென்னி சிரிக்க முயன்றான். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வெளியே மழை. பகல்தான் என்றாலும் ஷெட்டுக்குள் அந்திபோல இருந்தது. தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலுக்கு நடுவே, நெடுஞ்சாலையில் நெல்லூர்ப் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் தரை வழியாக ஏறி வந்து நாற்காலியின் கால்களை மெல்ல அதிரவைத்தது. ஈரச் சுவரிலிருந்து சுண்ணாம்பு வாசனை, ஸ்பிரிட் வாசனை, எங்கிருந்தோ இரும்புத்தூள் வாசனை. காலையில் திருவள்ளூரிலிருந்து கிளம்பி, ஆரணி தாண்டிக் குண்டும் குழியுமான சாலையில் காரை ஓட்டி வந்ததில் இடுப்பு கடுத்திருந்தது. இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தான்.

விஷயம் எளிது. நெடுஞ்சாலை மேல் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், கெங்கம்மாள் என்கிற ஆரம்பாக்கத்துப் பெண்ணுக்கு இந்த மெஷினை வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வார்டில் திருப்பிப் படுக்கவைத்தபோதுதான் முதுகில் கருகிய இடம் தெரிந்தது. உள்ளங்கை அகலம். எலும்புவரை. இப்போது தோல் ஒட்டும் சிகிச்சை பாதியில் நிற்கிறது. தவறு மெஷினில் என்றால் ஆஸ்பத்திரி கடைசிவரை வைத்தியம் பார்க்க வேண்டும். மெஷின் சரியாக இருக்கிறது என்று ஸ்ரீவிஷ்ணு சொல்லிவிட்டால், தவறு அவளுடையது. வெளியே அனுப்பிவிடலாம்.

சொல்லிவிட்டால், அந்த ஆஸ்பத்திரியின் எல்லாக் கிளைகளிலும் இருக்கிற எல்லா மெஷின்களையும் சோதிக்கிற வேலை இனி அவனுக்கு.

அவன் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. பார்க்கவும் தேவையில்லை. கொலுசைக் கழற்றாமல் படுத்திருப்பாள். கழற்று என்று நர்ஸ் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு முந்தானைக்குள் ஏதாவது தாயத்தை ஒளித்திருப்பாள். உலோகம் பட்டால் மின்சாரம் அந்த வழியாகத்தான் திரும்பும். அது வழி கேட்டுக்கொண்டு நிற்காது. கிடைத்த வழியில் போகும். இதெல்லாம் இவர்களுக்கு எப்படிப் புரியும்?

அனலைசரை இணைத்தான். நோயாளியின் உடம்புக்குப் பதிலாக மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, எத்தனை வாட் வந்தது என்று காட்டுகிற பெட்டி. மெஷினில் நூறு வைத்தால் இதில் நூறு வர வேண்டும். எண்பதுக்குக் கீழே போனால் மெஷின் தோல்வி.

நூறு வைத்தான். மஞ்சள் பெடலை மிதித்தான்.

ஊ... என்று ஒரே சுருதியில் மெஷின் பாடியது. அனலைசரில் தொண்ணூற்று நாலு.

நல்லது. காலை எடுத்தான். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கருவாடு சுடுவதுபோல, ஆனால் கருவாட்டைவிட இனிப்பாக, கொழுப்பு நெருப்பில் சொட்டுகிற வாசனை. ஸ்ரீவிஷ்ணு கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். வேலை நேரத்தில் சமையல். எதைத் தின்பது, எங்கே தின்பது என்று ஒரு வரைமுறையே கிடையாது.

மறுபடி மிதித்தான். எண்பத்து மூன்று.

இணைப்புகளை அழுத்திச் செருகினான். மிதித்தான். எழுபத்தொன்று.

மெஷின் நூறு அனுப்புகிறது. பெட்டிக்கு எழுபத்தொன்று வருகிறது. மீதி எங்கேயோ போகிறது. வாசனை இப்போது கைக்குட்டையைத் தாண்டி வந்தது. நாக்கின் மேல் ஒரு எண்ணெய்ப் படலமாகப் படிந்தது.

எழுந்து போய்க் கத்திவிட்டு வரலாம் என்று கதவைத் தாண்டினான். பின்னால் அலாரம் அலறத் தொடங்கியது.

முன்பக்க ஷெட்டில் அஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்து வயர் துடைத்துக்கொண்டிருந்தாள். பென்னி ஒரு கட்டிலுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். அடுப்பு இல்லை. பாத்திரம் இல்லை. மூலையில் எலுமிச்சை சாதப் பொட்டலத் தாள்கள் கசங்கிக் கிடந்தன. யார் சமைக்கிறது என்று ஸ்ரீவிஷ்ணு அதட்டினான்.

"இன்னா சார் நீங்க. ஸ்பிரிட் கேன் இருக்கற எடத்துல எவனாவது அடுப்பு பத்தவைப்பானா?" என்றான் பென்னி. பிறகு மூக்கை உறிஞ்சினான். அவன் முகம் மாறியது. "நீங்க வரும்போதுதான் சார் வாசன வருது."

ஸ்ரீவிஷ்ணு விறுக்கென்று திரும்பினான். தன் மேல் வாசனை என்று ஒரு கிரேன்காரன் சொல்கிறான்.

அறைக்குள் அலாரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நின்றது. பச்சை.

எழுந்தான். அலறல். உட்கார்ந்தான். அமைதி.

சிரித்துக்கொண்டான். ரேடியோ பக்கத்தில் ஆள் போனால் கரகரப்பதில்லையா? அதே கதை. ஈரத் தரை, இரும்பு நாற்காலி, மழைக்காற்று. உடம்பே ஒரு ஆன்டெனா. அறிவியல் தெரிந்தவனுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. அஞ்சம்மாளாக இருந்தால் இந்நேரம் ஆவி என்றும் காத்து என்றும் ஊரைக் கூட்டியிருப்பாள்.

ஆனால் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது.

துளைக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பச்சைப் பட்டை. கொஞ்சம் ஏறும். கொஞ்சம் இறங்கும். அவசரமில்லாமல் ஏறும், அவசரமில்லாமல் இறங்கும். எங்கேயோ பார்த்த அசைவு அது. தூங்குகிற ஒருவரின் நெஞ்சு அப்படித்தான் அசையும். மழை இரைச்சலும் லாரி உறுமலும் எங்கோ தள்ளிப் போய்விட, அந்த அறையில் அந்தப் பட்டையும் அவனும் மட்டும் இருப்பதுபோல இருந்தது.

அவன் மூச்சை அடக்கினான்.

பட்டை நின்றது.

அடக்கிக்கொண்டே பார்த்தான். அசையவில்லை. காதுக்குள் ரத்தம் இரைந்தது. கண் ஓரம் இருட்டியது. பட்டை நின்ற இடத்திலேயே நின்றது, பொறுமையாக, காத்துக்கொண்டு.

மூச்சை விட்டான்.

இறங்கியது.

எழுந்து போய்விடலாம். அதுதான் முதலில் தோன்றியது. எழ முயன்றான். இடது கால் மரத்திருந்தது. தொடையைக் கையால் அழுத்தினான். வேறு யாருடைய தொடையையோ தொட்டதுபோல இருந்தது. இடுப்புக்கு மேலும் அப்படித்தான். முதுகு எங்கே முடிகிறது, நாற்காலி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கார் ஓட்டியது. ஆமாம், கார் ஓட்டியது. அந்தப் பாழாய்ப்போன சாலை.

வலி இல்லை. துளிகூட இல்லை. அதை அவன் நல்லதாக எடுத்துக்கொண்டான்.

கதவில் பென்னி நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"எவ்ளோ சார் வருது?"

"அது உனக்கெதுக்கு?"

"இல்ல சார்." பென்னி வாசற்படியைத் தாண்டாமல் பேசினான். குரலைத் தாழ்த்தினான். "ஃபெயிலுன்னே போட்ருங்க சார். அந்தம்மா பொம்பளப் புள்ளய வச்சிக்கினு தனியாக் கெடக்குது. நாளைக்கி வெளிய அனுப்பிட்டா புண்ணு அழுவியே செத்துரும். மெஷினு போனா போவுது. எனக்கும் இந்த ஆஸ்பத்திரி வேல போவும், பரவால்ல. இது பேஜாரு புடிச்ச மெஷினு சார்."

ஸ்ரீவிஷ்ணுவுக்கு அந்த நொடியில் பயம் விட்டுப்போனது. அதன் இடத்தில் பழக்கமான, இதமான அருவருப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இவன் சொல்லி நான் கேட்பதா? இவன் முன்னால் எழுந்து ஓடுவதா? ஒரு பட்டை ஏறி இறங்கியதற்காக?

"உன் போர்டை முதல்ல கழட்டி வை. அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்," என்றான்.

பென்னி போய்விட்டான்.

கணக்கு எளிது. நூறு வைத்தால் எழுபத்தொன்று வருகிறதா? கூட வை. ஆஸ்பத்திரிக்குத் தேவை அனலைசர் திரையின் படம். நூறு என்று தெரிந்தால் போதும். மெஷின் திரையைப் படத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

மெஷினை நூற்று இருபதுக்கு ஏற்றினான். மிதித்தான். எண்பத்தொன்பது.

நூற்று நாற்பது.

பெடல் வலது காலுக்கு அடியில் இருந்தது. நல்லவேளை, அந்தக் கால் இன்னும் அவனுடையதாக இருந்தது. அழுத்தினான். ஊ என்ற பாட்டு சுவரில் பட்டுத் திரும்பியது. அனலைசரில் எண் ஏறியது. தொண்ணூறு. தொண்ணூற்றாறு. வாசனை. கைக்குட்டை எங்கேயோ விழுந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு. பின்கழுத்தில் ஒரு வெதுவெதுப்பு, யாரோ மூச்சு விடுவதுபோல. திரும்பவில்லை. தொண்ணூற்றொன்பது.

நூறு.

மிதித்தபடியே போனை எடுத்தான். முதல் படம் கலங்கியது. இன்னொன்று. கலங்கியது. மிதித்துக்கொண்டே இருந்தான். சட்டைக் காலர் ஓரமாக ஏதோ வெண்மையாக மேலே போனது. மழைச்சாரல். கூரை ஒழுகுகிறது. இந்த ஷெட்டில் கூரைகூட உருப்படியில்லை. இன்னொரு படம். தெளிவாக விழுந்தது. நூறு.

மீதி நாற்பது.

அதை நினைக்கக் கூடாது.

காலை எடுத்தான். அனுப்பினான். மெஷின் மிகச் சரியாக வேலை செய்கிறது, தவறு நோயாளியின் பக்கம் என்று இரண்டு வரி. ஆஸ்பத்திரியிலிருந்து உடனே பதில் வந்தது. நன்றி. அந்த அம்மாவை நாளையே அனுப்பிவிடுகிறோம். அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் நீங்களே வாருங்கள்.

அவன் புன்னகைத்தான். உதடு மட்டும் அசைந்தது.

மின்சாரம் போனது.

மழையில் தொழிற்பேட்டைக்கே போய்விட்டது போல. காற்றாடி நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. பட்டை மறைந்தது. அனலைசர் இருண்டது. மெஷின் ஒரு சாதாரண இரும்புப் பெட்டியாக மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். முடிந்தது. ஸ்ரீவிஷ்ணு நீளமாக மூச்சு விட்டான்.

எழ முயன்றான்.

முடியவில்லை.

கைகளை மேஜையில் ஊன்றி எழும்பினான். நாற்காலியும் கூடவே எழும்பியது. கொஞ்சம். பிறகு டக்கென்று தரையில் உட்கார்ந்தது. அவனும்.

மறுபடி. டக்.

இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. ஸ்... என்று. தோசைக்கல்லை இறக்கிவைத்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்குமே, அது. மழையின் சத்தமில்லை. மிக அருகில். அவனுக்குப் பின்னால். தலையைத் திருப்பினான். கழுத்து திரும்பியது. தோள் திரும்பவில்லை.

வலி இல்லை.

வலி ஏன் இல்லை?

"பென்னி," என்று கூப்பிட்டான். குரல் வறண்டிருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டான்.

செல்போன் டார்ச் வெளிச்சம் கதவில் ஆடியது. பென்னியும் அஞ்சம்மாளும். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. பிறகு மெல்ல நகர்ந்து தோளுக்கு, தோளுக்குப் பின்னால் போய், அங்கேயே நின்றது. அந்த வெளிச்சத்தில் வெண்மையாக எதுவோ சுருள் சுருளாக எழும்பிக் கூரையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. சாரல் கீழே விழும். இது மேலே போனது. பென்னி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"என்ன வேடிக்கை பாக்கறே? கால் மரத்திருக்கு. கையைக் கொடு," என்றான் ஸ்ரீவிஷ்ணு, இவர்களிடம் எப்போதும் பேசுகிற அதே குரலில். "அறிவிருக்கா உனக்கு? தூக்கிவிடுடா."

பென்னி கை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். அஞ்சம்மாள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுவதுபோல மெல்லச் சொன்னாள்.

"தூக்காதப்பா. தூக்கினா பாதி ஆளு நாற்காலியிலயே தங்கிடுவாரு."